தாடைக்குக் கீழே ஒரு வடு

ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முகங்களை ஆறு வருஷமாகப் பார்த்துப் பார்த்து, முகம் என்றாலே பானுப்ரியாவுக்கு ஒரு சலிப்புத் தட்டியிருந்தது. ஆரணியில் ஆதார் எடுக்கும் மையம் ஒன்றில் அவள் ஆபரேட்டர். நிமிர்ந்து உட்காருங்கள், கண்ணைச் சிமிட்டாதீர்கள், வாயை மூடுங்கள் என்கிற மூன்றையும் அவள் தூக்கத்தில்கூடச் சொல்கிறாள் என்று புருஷன் கிரண் கேலி செய்வான். முள்ளிப்பட்டில் அவர்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறிகள். கிரணும் மாமனாரும் நெய்வார்கள். பானுப்ரியா எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வந்து மையத்தைத் திறந்தால், சாயங்காலம் வரை கேமராவுக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். சிரிக்கிறவன், முறைக்கிறவன், பவுடர் பூசி வந்தவள், பயந்து அழுகிற குழந்தை. திரையில் பச்சைக் கட்டம் விழுந்தால் முகம் சரி. சிவப்புக் கட்டம் விழுந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு முகத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. பிள்ளைகளுக்குக் கைரேகை புதுப்பிக்கச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் கெடு வைத்திருந்தார்கள். கைக்குழந்தைகளின் அழுகை, யாரோ போனில் வைத்த பாட்டு, டோக்கன் சண்டை. இந்த இரைச்சலுக்கு நடுவில், வெள்ளைத் துணியை உடம்பு முழுக்கச் சுற்றிய இரண்டு பெண்கள் வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். இரண்டு பேருக்கும் மூக்குக்குக் கீழே, வாயையும் தாடையையும் மூடி, சதுரமாக மடித்த ஒரு வெள்ளைத் துணி. அதைத் தாங்கிய நூல் இரண்டு பக்கமும் போய்க் காதில் மாட்டியிருந்தது. கையில் கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டின துடைப்பம். காலி நாற்காலிகள் இருந்தும் அவர்கள் அவற்றைப் பார்க்கவில்லை. ஒரு ஓரமாகப் போய், துடைப்பத்தால் தரையைப் பூப்போல ஒத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்த தாத்தா ஒருவர், கொரோனா மறுபடியும் வந்துவிட்டதோ என்று கைக்குட்டையை எடுத்துத் தன் வாயிலும் வைத்துக்கொண்டார்.

அவர்களை அழைத்து வந்தவள் சாந்தாபாய். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பத்து அம்மாள். மூன்று தலைமுறையாக ஆரணியில் இருப்பவர்கள். முறை வர ஒரு மணி நேரம் ஆயிற்று. முன்னால் போகச் சொல்லி யாரோ வழிவிட்டபோதும், இரண்டு பெண்களில் மூத்தவர் வேண்டாம் என்று கையாலேயே சொல்லிவிட்டார்.

முறை வந்ததும் சாந்தாபாய்தான் விவரம் சொன்னாள். இவர்கள் ஜைனத் துறவிகள், சாத்விகள். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் ஒரே ஊரில் தங்குவார்கள். இந்த வருஷம் அவர்கள் கடைக்கு மேலே இருக்கும் கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். மற்ற எட்டு மாதமும் நடைதான். இளையவருக்குத் துறவுக்கு முன்பே எடுத்த ஆதார் இருக்கிறது. மூத்தவருக்குத்தான் வேண்டும். பெயர் சாத்வி சுமதிபிரபா. வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது சென்னையில், சௌகார்பேட்டையில். பதினேழு வயதில் வீட்டை விட்டு வந்தவர்.

“நாப்பத்தோரு வருஷமா பஸ்ஸு, ரயிலு எதுலயும் ஏறினதில்லை. ராஜஸ்தான், குஜராத், கல்கத்தா, எல்லாம் நடந்தே போயிட்டு வந்தவங்க” என்றாள் சாந்தாபாய், தன் வீட்டுப் பெருமையைச் சொல்வதைப்போல.

பானுப்ரியாவின் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மையத்துக்கு நடந்து வருவதற்கே அவளுக்குக் கணுக்கால் வீங்கும். அவள் நாற்காலியிலிருந்து லேசாக எட்டி அந்தப் பாதங்களைப் பார்த்தாள். மண்ணின் நிறம். விளிம்பெல்லாம் தோல் காய்ந்து, மரப்பட்டைபோலத் திரண்டிருந்தது.

படிவத்தில் அப்பா பெயர் கேட்டிருந்தது. துறவு பூண்டபோதே அதை விட்டாயிற்றாம். முகவரி கேட்டிருந்தது. நான்கு மாதம் கழித்து இவர் எந்த ஊரில் இருப்பார் என்று இவருக்கே தெரியாதாம். நல்லவேளையாக, இன்னார் இந்த இடத்தில் தங்கியிருக்கிறார் என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்று ஒன்றைச் சாந்தாபாய் வாங்கி வைத்திருந்தாள். பானுப்ரியா அதைச் சரிபார்த்துக்கொண்டே, வழக்கம்போலப் பின்னால் இருந்த பச்சைத் திரையை இழுத்துவிட்டாள். முகத்திரை போட்ட முஸ்லிம் பெண்கள் வரும்போது அவள் அப்படித்தான் செய்வாள். ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் வந்து, அவர்கள் முகத்திரையை மேலே தூக்குவார்கள். படம் எடுத்ததும் மறுபடி இறக்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு நிமிஷ வேலை.

“இப்படி உள்ள வந்து துணியை எடுத்துடுங்கம்மா. வெளியில யாருக்கும் தெரியாது.”

மூத்த சாத்வி முதல்முறையாகப் பேசினார். துணிக்குப் பின்னாலிருந்து வந்த குரல் தாழ்ந்து, தெளிவாக இருந்தது. நல்ல மெட்ராஸ் தமிழ்.

“மறைக்கறதுக்காகக் கட்டலை. பேசும்போது வாயிலேருந்து வர்ற சூட்டுல, காத்துல இருக்கற சின்ன உயிருங்க செத்துடக் கூடாதுன்னு கட்டறோம். என் முகத்தை யார் வேணா பார்க்கலாம். ஆனா சாப்பிடற நேரம் தவிர இதைக் கழட்டறதில்லை. சாப்பிடறது எங்களுக்குள்ள, தனியா. அதனால வெளியாளு யாரும் பார்த்ததில்லை.”

காற்றில் இருக்கும் உயிர். காலையிலிருந்து தான் எத்தனை தடவை கத்தியிருப்போம் என்று பானுப்ரியாவின் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

அப்புறம் அந்தச் சாத்வி ஒன்று கேட்டார். துணியோடேயே படம் எடுக்க முடியுமா? எதற்காகக் கேட்கிறார் என்பதையும் அவரே சொன்னார். குரலை உயர்த்தாமல், யார் மீதும் குறை சொல்லாமல் சொன்னார்.

அதற்கு முந்தின மாசி மாதம், இவரையும் சேர்த்து நான்கு சாத்விகள் ஒரு நெடுஞ்சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பனி மூட்டம். சாத்வி ஹேமலதா என்பவர் எப்போதும் வேகமாக நடப்பார். அன்றைக்கும் ஒன்றிரண்டு மைல் முன்னால் போய்விட்டார். ஏதோ ஒரு வண்டி அவரை அடித்துவிட்டு நிற்காமல் போனது. யாரோ போன் செய்து, ஆம்புலன்ஸ் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தைத் தாண்டித்தான் நடந்தார்கள், தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தத் துணியை மாஸ்க் என்று நினைத்துக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். பையில் ஒரு சீட்டுக்கூட இல்லை. நினைவும் திரும்பவில்லை. போலீஸ்காரர்கள் முகத்தைப் படம் எடுத்து, பெயர் தெரியாத பெண் என்று எல்லா வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் அனுப்பினார்கள். ஜைனர்களின் குரூப்புகளுக்கும் அந்தப் படம் வந்தது. பத்து வருஷம் ஹேமலதாவின் முன்னால் விழுந்து வணங்கியவர்கள், அவரிடம் உபதேசம் கேட்டவர்கள், எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். யாரோ பாவம் என்று தள்ளிவிட்டார்கள்.

“அவங்க எல்லாருக்கும் தெரிஞ்சது கண்ணும் துணியும்தான். படத்துல துணி இல்லை. கண்ணும் மூடியிருந்தது” என்றார் சாத்வி.

இரண்டாம் நாள் சாயங்காலம், ஹேமலதாவைத் தேடிக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருவர், எதற்கும் கேட்டுவிடலாம் என்று போனைக் கொண்டுவந்து சுமதிபிரபாவின் முன்னால் காட்டினார். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. ஓடிப் போய்ப் பார்க்க வண்டியில் ஏறவும் வழியில்லை. பதினெட்டு மைல். இருட்டினால் நடக்கக் கூடாது என்பதால் விடியும்வரை காத்திருந்து, மறுநாள் முழுக்க நடந்து போனார்கள். ஹேமலதாவின் உயிர் அந்த இரவே போய்விட்டிருந்தது. கடைசி நேரத்தில் காதருகே மந்திரம் சொல்ல ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர்களுடைய தலைமைச் சாத்வி, நடக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு அடையாள அட்டை இருக்க வேண்டும் என்று சொன்னார்.

“அட்டை வேணும். சரி. ஆனா துணி இல்லாத முகத்தை அதுல போட்டா, யாருக்கு அடையாளம் தெரியப் போவுது?”

ஆறு வருஷத்தில் பானுப்ரியாவிடம் யாரும் கேட்காத கேள்வி. மெஷின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும், அந்தக் கேள்விக்கு ஒரு மரியாதையாவது செய்ய வேண்டும்போல இருந்தது. துணியோடு ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். சிவப்புக் கட்டம் விழுந்தது. முகம் எதுவும் கண்டறியப்படவில்லை என்று கீழே எழுத்து ஓடியது. எதிரே ஒரு மனுஷி கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும்போது, அங்கே முகமே இல்லை என்று மெஷின் சொல்வதை வாசித்துக் காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

“துணியோட எடுத்தா ஒத்துக்க மாட்டேங்குதும்மா. முகவாயிலேருந்து நெத்தி வரைக்கும் தெரியணும். இல்லைன்னா எம்மேல நடவடிக்கை எடுத்துடுவாங்க.”

சாத்வி கோபப்படவில்லை. அப்படியானால் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். துணியை எடுக்க வேண்டும். கண்ணுக்கு மெஷின் வைக்க வேண்டும். பத்து விரலும் கண்ணாடி மேல் வைக்க வேண்டும். படத்துக்கு அந்த வெள்ளை விளக்கைப் போட வேண்டும். விளக்கு என்றதும் அவர் யோசித்தார். இந்த அறையில் ஏற்கெனவே எரிகிற விளக்குகள் எல்லோருக்குமாக எரிகின்றன. அந்த ஒரு விளக்கு மட்டும் தனக்காகவென்று எரியும், அதில் சாகிற உயிர்கள் தன் கணக்கில் சேரும் என்றார். படம் எடுத்துக்கொள்வதே அவர்கள் வழக்கத்தில் இல்லை. தலைமைச் சாத்வியைக் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். போகும்போது, உட்கார்ந்திருந்த இடத்தை மறுபடி ஒத்திவிட்டுப் போனார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பானுப்ரியா இதையெல்லாம் கிரணிடம் சொன்னாள். அவன் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டான். பூச்சி செத்துடும் என்று பேசுகிறதற்கே யோசிக்கிறவர்கள் பட்டைத் தொட மாட்டார்களே என்று அவனுக்குத்தான் முதலில் தோன்றியது.

“புழுவை வேகவெச்சு நூலு எடுக்கற ஊருல வந்து இன்னா பண்ணிகினு இருக்காங்க அவங்க?” என்றான்.

அவன் கேலியாகத்தான் ஆரம்பித்தான். ஆனால் சொல்லி முடித்ததும் தறியில் இருந்த நூலை விரலால் தடவிப் பார்த்தான். சாத்வி எந்த ஊர் என்று கேட்டபோது பானுப்ரியா முள்ளிப்பட்டு, வீட்டில் தறி என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டும் அந்தக் கண்களில் ஒரு சுளிப்பு வரவில்லை. ஒரு புத்திமதியும் வரவில்லை. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை பஸ்ஸில், மையம் வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். நான்காவது நிறுத்தத்திலேயே, காலை மிதித்தவளோடு ஒரு சண்டை வந்துவிட்டது.

ஒன்பது நாள் கழித்துச் சாந்தாபாய் வந்து சேதி சொன்னாள். அனுமதி கிடைத்துவிட்டது. துணியை எடுத்திருக்கும் நேரத்தில் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. தனி விளக்குக் கூடாது. படம், கண், விரல் என்று மூன்று காரியத்துக்கும் பிராயச்சித்தமாக மூன்று நாள் உபவாசம். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும், அதுவும் பகலில் மட்டும்.

“மூணு நாளா?” என்று கேட்டாள் பானுப்ரியா. ஊரில் இத்தனை பேர் மூன்று நிமிஷம் காத்திருக்கச் சொன்னாலே சண்டைக்கு வருகிறார்கள்.

விளக்கு இல்லாமல் படம் எடுப்பது அவள் பொறுப்பாயிற்று. மையத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் அருணகிரியிடம் போய்க் கேட்டாள். பத்து மணிக்குக் கிழக்கு ஜன்னல் வழியாக நல்ல வெளிச்சம் வருகிறது. மேஜையை அங்கே தள்ளி, படத்துக்குப் பின்னணியாகக் கட்டும் வெள்ளைப் படுதாவையும் நகர்த்திக்கொண்டால் போதும் என்றாள். அவர் ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஆளுக்காக இத்தனை செய்கிறவள் இல்லையே இவள் என்று நினைத்திருக்கலாம்.

“செய்ம்மா. ஜல்தியா முடிச்சுடு, அவ்ளோதான்” என்றார்.

படம் எடுக்கக் குறித்த நாளில் வானம் தெளிவாக இருந்தது. சாத்விகள் பத்து மணிக்கு வந்தார்கள்; சாந்தாபாயால் அன்றைக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. மேஜை ஜன்னலோரம் போய்விட்டதால், வெயில் ஒரு பாய் விரித்தாற்போல அங்கே விழுந்திருந்தது. மூத்த சாத்வி தரையை ஒத்துவதைப்போல அந்த ஸ்டூலையும் துடைப்பத்தால் ஒத்திவிட்டு உட்கார்ந்தார். கைகளைக் குவித்து, கண்ணை மூடி, மெல்லிய குரலில் என்னவோ சொல்லிக்கொண்டார். அதுதான் அவர் பேச்சின் முடிவு. வலது காதிலிருந்து நூலை எடுத்தார். பிறகு இடது காதிலிருந்து. துணியை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

பானுப்ரியா திரையைப் பார்க்க மறந்துவிட்டாள்.

நெற்றியும் மூக்கும் கன்ன மேடும் நாற்பத்தோரு வருஷ வெயிலில் கருத்து, தோல் தடித்து, கண்ணோரமெல்லாம் கோடுகள் ஆழ்ந்திருந்தன. அதற்குக் கீழே, கத்தியால் கீறின மாதிரி ஒரு எல்லை. அதற்கப்புறம் துணி இருந்த இடம் சதுரமாக, வெளுத்து, வெயிலே படாமல் இருந்தது. உதடுகள் ஒரு சின்னப் பெண்ணின் உதடுகள். வீட்டை விட்டுப் புறப்பட்டு வந்தவளின் வாய் எந்த வயதில் இருந்ததோ அந்த வயதிலேயே அங்கே நின்றுவிட்டதுபோல இருந்தது. அந்தச் சதுரத்திலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் கன்னத்தின் குறுக்கே ஏறிக் காதுவரை போயின. நூல் படிந்த தடம். எத்தனை ஊர், எத்தனை வெயில், எத்தனை சாலை என்று அந்த முகத்தில் எழுதியே இருந்தது. அதன் கீழ்ப்பாதியை மறைத்ததும் காப்பாற்றியதும் ஒரு முழம்கூட இல்லாத துணி.

தேவிகாபுரம் கோயிலில் அம்மன் எதிரே நிற்கும்போதுகூட பானுப்ரியாவின் மனசு, அடுப்பை அணைத்தோமா, பஸ் போய்விடுமா என்றுதான் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது மனசில் எதுவும் ஓடவில்லை. கைகள் தாமாகவே குவியப் போயின. வேலை நினைவு வந்து கேமராவைத் தொட்டாள்.

தினமும் சொல்கிற அந்த மூன்று வார்த்தைகள் வாய்வரை வந்து நின்றுவிட்டன. பேசாமல் இருக்கிறவரிடம் தான் மட்டும் எப்படிப் பேசுவது? கையை லேசாக உயர்த்திக் காட்டினாள். முகம் உயர்ந்தது. பச்சைக் கட்டம் உடனே விழுந்தது. கண் மெஷினை நீட்டினாள். எல்லோரும் நான்கைந்து தடவை சிமிட்டி விடுவார்கள். இவர் கண்கள் அசையவே இல்லை. ஒரே முறையில் பதிவாயிற்று. விரல்களும் அப்படித்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் சர்வர் நின்றது. காத்திருக்கவும் என்று போட்டுவிட்டு ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சேமிக்கும்வரை எழுந்து போகச் சொல்ல முடியாது. படம் போய்விட்டால் மறுபடியும் எடுக்க வேண்டிவரும். துணியைக் கட்டிக்கொள்ளலாமே என்று பானுப்ரியா மடியைக் காட்டிச் சைகை செய்தாள். சாத்வி தலையை அசைத்தார். பாதியில் கட்டி, மறுபடி கழற்றினால் அது இரண்டாவது தடவை ஆகிவிடும் என்று அவள் பிற்பாடு தெரிந்துகொண்டாள். கைகள் மடியில் இருக்க, மூச்சு வருவதும் போவதும்கூடத் தெரியாமல், அவர் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் கவனித்தவள் முன் வரிசையில் இருந்த ஒரு தாய். சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையின் வாயில் விரலை வைத்தாள். அடுத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த பையன் போனை அணைத்தான். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. டோக்கனுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் வார்த்தையைப் பாதியில் விட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் அந்த அறை முழுக்க அடங்கிப்போயிற்று. அறுபது பேர் இருந்திருப்பார்கள். மின்விசிறி சுற்றுகிற சத்தமும், தெருவில் போகிற ஆட்டோவின் சத்தமும் மட்டும் கேட்டன. என்ன ஆயிற்றோ என்று உள்ளறையிலிருந்து அருணகிரி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

இருபது நிமிஷம். அந்த மையத்தில் அப்படி ஓர் இருபது நிமிஷம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பானுப்ரியா அத்தனை நேரமும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

வட்டம் நின்று, பதிவாகிவிட்டது என்று வந்தது. அவள் தலையசைத்ததும் சாத்வி துணியை எடுத்துக் கட்டிக்கொண்டார். அறையில் அறுபது பேரும் ஒன்றாக மூச்சு விட்டதைப்போல ஒரு சலசலப்பு எழுந்தது.

இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. விவரமும் படமும் சரியா என்று வந்தவரே பார்த்துச் சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தில் அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

“போட்டோ சரியா இருக்கான்னு பார்த்துக்கோங்கம்மா.”

சாத்வி அந்தக் கணமே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பின்னால் நின்ற இளைய சாத்விதான் மெதுவாகச் சொன்னார்: தீட்சை வாங்கினவர்கள் கண்ணாடி பார்ப்பதில்லை. நாற்பத்தோரு வருஷமாக அவர் தன் முகத்தைப் பார்த்ததில்லை.

பானுப்ரியா அவசரமாகத் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். வணங்குகிற இத்தனை பேருக்கும் தெரியாத முகம் என்று மட்டும்தான் அவள் நினைத்திருந்தாள். அவருக்குமே தெரியாது. கூடச் சாப்பிடுகிற சாத்விகளைத் தவிர, இந்த உலகத்தில் அந்த முகத்தை இப்போது நன்றாக அறிந்தவள், முள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

“நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்றார் சாத்வி, ஜன்னலைப் பார்த்தபடியே. “தாடைக்குக் கீழே, இடது பக்கம், ஒரு வடு இருக்கா? ஏழு வயசுல மாடிப்படியில விழுந்தேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். வெளுத்த தோலில் இன்னும் வெளுப்பாக, அரிசி நீளத்துக்கு ஒரு கோடு.

“இருக்குங்கம்மா.”

“அப்போ நான்தான்.”

அந்தக் கண்களில் ஒரு சிரிப்பு வந்து போனது. அக்கா, அம்மா, தங்கச்சி என்று உறவு வைத்து அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. அன்றைக்கும் கூப்பிடவில்லை. ஆனால் எழுந்திருக்கும் முன் அவளைப் பார்த்து, “அன்னிக்கு நான் ஒண்ணு கேட்டேன், யாருக்கு அடையாளம் தெரியும்னு. இப்போ உங்களுக்குத் தெரியும். போதும்” என்றார்.

பதினெட்டு வயதைத் தாண்டிப் புதிதாக ஆதார் எடுக்கிறவர்களுக்கு விசாரணை உண்டு. கிராம நிர்வாக அலுவலர் கூடத்துக்கு வந்து, முகவரியைக் கேட்டுக்கொண்டு போனார். இரண்டு நிறத்தில் ஒரு முகத்தைப் பார்த்து, படம் சரியில்லை என்று மேலே யாராவது தள்ளிவிடுவார்களோ என்று பானுப்ரியா தினமும் காலையில் முதல் வேலையாக அந்தப் பதிவின் நிலையைப் பார்த்தாள். நாற்பத்தோராம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தபாலில் அட்டை வந்த அன்று சாந்தாபாய் அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். சாத்வி அதைப் படம் உள்பக்கம் போகும்படி ஒரு துணியில் சுற்றச் சொல்லி, பிச்சைப் பாத்திரங்கள் இருக்கும் மூட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

வெளியே வந்தபோது சாந்தாபாய் படியில் நின்று அவள் கையைப் பிடித்தாள். தினமும் போய்க் கும்பிடுகிறோம், நாங்கள் பார்த்ததில்லை, நீ பார்த்தாயே, எப்படி இருந்தார் என்று சொல்லேன் என்றாள். கேட்கும்போதே அவள் கண் கலங்கியிருந்தது. பானுப்ரியா சொல்லப் பார்த்தாள். மூக்கு, உதடு, நிறம் என்று ஆரம்பித்து ஒன்றும் ஒட்டவில்லை.

“பாதி முகம் வெயில்ல நடந்துது. பாதி முகம் வீட்டைவிட்டுப் போன அன்னிக்கே நின்னுகினு இருந்துது” என்றாள். பிறகு, யோசித்து, வடுவைப் பற்றிச் சொன்னாள். இடது பக்கம், அரிசி நீளம். நாலு பேருக்காவது தெரிந்திருக்கட்டும், மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள் என்றாள். சாந்தாபாய் தன் தாடையில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நான்கு மாதம் முடிந்து, ஐப்பசிப் பௌர்ணமிக்கு மறுநாள், வெளிச்சம் வந்ததும் சாத்விகள் புறப்பட்டார்கள். பானுப்ரியா அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே வந்திருந்தாள். ஊர்க்கோடி வரை நாற்பது ஐம்பது பேர் கூட நடந்தார்கள். அங்கே ஒரு சின்ன மந்திரம் சொல்லி, எல்லோரையும் திரும்பிப் போகச் சொன்னார்கள். மற்றவர்கள் திரும்பினார்கள். பானுப்ரியா மட்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் பின்னாலேயே போனாள். ராத்திரி பெய்த மழையில் தார்ச்சாலையில் ஜல்லி பெயர்ந்து கிடந்தது. ஒரு மைல்கூடப் போயிருக்க மாட்டாள். பாதம் இரண்டும் எரிந்தன. பின்னாலிருந்து லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. லாரி வந்தால் மண்பக்கம் இறங்கினார்கள். போனதும், ஏறும் இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து மறுபடி ஏறினார்கள்.

ஒரு புளியமரத்தடியில் அவளால் முடியாமல் நின்றுவிட்டாள். இரண்டு வெள்ளை உருவங்களும் ஒரே வேகத்தில், அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், சாலை வளைகிற இடம்வரை போயின. சாலை வளைந்தது. அவர்கள் மறைந்த பிறகும் அவள் வெகுநேரம் வெறுங்காலோடு அங்கேயே நின்றாள்.